டச்சுக் கூட்டுப்பெயர்களை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் நெதர்லாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. டச்சு வகுப்பில் “கூட்டுப்பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் பகுதியில் விழும்” என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதை நம்பி, நகரமன்றக் கட்டடத்துக்கு வழி கேட்கும்போது ‘ஸ்டட்ஹாய்ஸ்’ என்ற சொல்லில் ஸ்டட் என்பதை அழுத்திச் சொன்னீர்கள். பஸ் ஓட்டுநருக்கு மூன்று முறை சொல்லியும் விளங்கவில்லை. அது போதாதென்று, அகராதி அசை பிரித்துக் காட்டுவது ஒன்றாகவும் காதில் விழுவது வேறாகவும் இருக்கிறது. விதி ஏதாவது உண்டா, இல்லை ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எழுதும்போது வரி முடிவில் சொல்லை எங்கே வெட்டுவது, பேசும்போது மூச்சு எங்கே பிரிகிறது, அழுத்தம் எந்த அசைக்குப் போகிறது. மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதால்தான் நீளமாக எழுதத் துணிகிறேன். நான் தமிழ் இலக்கணம் படித்துவிட்டு இங்கே வந்து டச்சு கற்றவன். பதினோரு ஆண்டுகளாகப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். என் காது நெதர்லாந்தின் நடுப்பகுதிப் பேச்சுக்குப் பழகியது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பக்கம் போனால் சில சொற்களின் ஒலியும் அழுத்தமும் மாறும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதப்போகிறேன். ‘ஹாய்ஸ்’ என்று நான் எழுதும் சொல்லில் இருக்கும் உயிரொலி நம்மிடம் கிடையாது. கிட்டத்தட்ட அப்படி, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: டச்சுக் கூட்டுச்சொல்லில் முதலில் தேட வேண்டியது மூட்டு. அதாவது நிலைமொழி முடிந்து வருமொழி தொடங்கும் இடம். நாம் அசையிலிருந்து தொடங்குகிறோம், அங்கேதான் தடுமாறுகிறோம். தமிழில் இரண்டு சொற்கள் சேரும்போது மூட்டு கரைந்துபோகும். தமிழ், ஆசிரியர் இரண்டும் சேர்ந்தால் தமிழாசிரியர். ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்று நன்னூல் சொல்வது நம் வாயில் ஊறிப்போன பழக்கம். நிலைமொழியின் கடைசி மெய், வருமொழியின் முதல் உயிரோடு போய் ஒட்டிக்கொள்ளும். டச்சுக் கூட்டுச்சொல்லில் அப்படி நடப்பதில்லை. உயிர் வந்து நின்றாலும் மெய் தன் வீட்டை விட்டு வெளியே போகாது.

இதைக் காதால் கேட்டே உறுதி செய்யலாம். டச்சில் பல்லுக்கு ‘டன்ட்’. எழுத்தில் கடைசியில் இருப்பது ஒலிப்புடைய ட, அதாவது ‘வண்டி’யில் நாம் சொல்லும் ட. ஆனால் டச்சில் சொல்லின் இறுதிக்கு வரும் ஒலிப்புடைய மெய் வலித்துவிடும், ‘பட்டம்’ என்பதில் வரும் ட் போல. பன்மையில் ‘டண்டன்’ என்னும்போது பின்னால் உயிர் வந்து சேர்வதால் பழைய வண்டி-ட திரும்பிவிடுகிறது. சரி, பல் மருத்துவர்? ‘டன்ட்’ முன்னால், மருத்துவரைக் குறிக்கும் ‘அர்ட்ஸ்’ பின்னால். அர்ட்ஸ் உயிரில்தான் தொடங்குகிறது. அப்படியானால் வண்டி-ட திரும்பி வர வேண்டும் அல்லவா? வராது. டச்சுக்காரர் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் அங்கே பட்டம்-ட்தான் கேட்கும்: டன்ட்-அர்ட்ஸ். பன்மை விகுதியை ஒட்டும்போது திறக்கும் கதவு, இன்னொரு முழுச் சொல்லை ஒட்டும்போது திறப்பதில்லை. நாமோ மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தைத் தானாகவே மெலித்துச் சொல்பவர்கள். அதனால்தான் என் வகுப்பில் முதல் மாதம் எல்லோருமே ‘டண்டர்ட்ஸ்’ என்கிறார்கள். டச்சுக்காரர் காதுக்கு அந்தச் சொல்லில் பல்லும் இல்லை, மருத்துவரும் இல்லை. இரவு உணவுக்கான ‘ஆவொன்ட்-ஏட்டன்’, இறுதித் தேர்வுக்கான ‘எய்ன்ட்-எக்ஸாமன்’ இரண்டும் இதே வகைதான். எழுத்தில் ஒலிப்புடைய ட, வாயில் பட்டம்-ட்.

இனி அழுத்தம். உங்கள் ஆசிரியர் சொன்னது தவறு என்று சொல்ல மாட்டேன், பாதியில் நின்றுவிட்டது. அழுத்தம் முதல் பகுதிக்குப் போகும் என்பது மிகப் பெரும்பான்மையான கூட்டுப்பெயர்களுக்குப் பொருந்தும், இதில் ஐயமே வேண்டாம். குடும்ப மருத்துவர் ‘ஹாய்ஸ்-அர்ட்ஸ்’ என்பதில் ஹாய்ஸ். சைக்கிள் பாதை ‘ஃபீட்ஸ்-பட்’ என்பதில் ஃபீட்ஸ். மருத்துவமனை ‘ஸீக்கன்-ஹாய்ஸ்’ என்பதில் ஸீ. ஆனால் ‘முதல் பகுதி’ என்பதைப் பலர் ‘முதல் அசை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. நிலைமொழி தனியாக நின்றால் எந்த அசையில் அழுத்தம் பெறுமோ, கூட்டிலும் அதே அசையில்தான் பெறும். இசையைக் குறிக்கும் ‘முஸீக்’ இரண்டாவது அசையில் அழுத்தம் பெறும் சொல். எனவே இசைப்பள்ளி ‘முஸீக்-ஸ்ஹோல்’ என்பதிலும் அழுத்தம் ஸீக் மீதுதான். ‘ஹொட்டெல்-காமர்’ என்னும் விடுதி அறையில் டெல் மீது. இயற்பியலைக் குறிக்கும் ‘நட்டூர்-குண்டெ’வில் டூர் மீது.

புதிதாக வந்தவர்கள் தினமும் மோதிக்கொள்ளும் அலுவலகச் சொற்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் வருகின்றன. காரணம், பெ, கெ, வெர் என்று தொடங்கும் முன்னொட்டுகள். இவை வழக்கமாக அழுத்தம் ஏற்பதில்லை. ஆகவே ஊராட்சி அலுவலகமான ‘கெமேண்டெ-ஹாய்ஸ்’ என்பதில் அழுத்தம் மேண் மீது. வரித்துறை ‘பெலஸ்டிங்-டீன்ஸ்ட்’ என்பதில் லஸ் மீது. குடியிருப்பு அனுமதி ‘வெர்ப்ளெய்ஃப்ஸ்-வெர்குனிங்’ என்பதில் ப்ளெய்ஃப்ஸ் மீது. பிறப்புச் சான்றிதழ் ‘கெபோர்டெ-அக்டெ’ என்பதில் போர் மீது. இந்த நான்கையும் முதல் அசையில் அழுத்திச் சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் புருவம் சுருங்கும். நம் மொழியில் அழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை, அதனால் அது ஒரு பெரிய விஷயமாகவே நமக்குத் தோன்றாது. டச்சில் ‘கானொன்’ முதல் அசையில் அழுத்தினால் மதிப்புமிக்க நூல்களின் வரிசை, இரண்டாவதில் அழுத்தினால் பீரங்கி. ‘ஃபோர்கோமன்’ என்ற வினையில் முதல் அசை அழுந்தினால் ‘நிகழ்தல்’, இரண்டாவது அழுந்தினால் ‘தடுத்தல்’. அழுத்தத்தை வைத்துச் சொல்லை அடையாளம் காணும் காதுகள் அவர்களுடையவை.

இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழில் அலுவலகத்துக்குக் ‘கந்தோர்’ என்று சொல்வார்கள். அது டச்சின் ‘கன்டோர்’ என்ற சொல்தான். அங்கேயும் அழுத்தம் இரண்டாவது அசையில். அதனால் அலுவலகக் கட்டடமான ‘கன்டோர்-கெபௌ’ என்பதில் டோர் மீது அழுத்த வேண்டும். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ‘கக்கூசு’ அசல் டச்சுக் கூட்டுப்பெயர்: ‘கக்’ முன்னால், வீட்டைக் குறிக்கும் ‘ஹாய்ஸ்’ பின்னால். நம் வாய்க்கு வந்ததும் மூட்டு கரைந்து, ஹகரம் மறைந்து, ஒரே சொல்லாக உருகிவிட்டது. நாம் டச்சுக் கூட்டுச்சொல்லை என்ன செய்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

இன்னொன்று, அழுத்தம் நிலைமொழிக்குப் போகிறது என்பதற்காக வருமொழியை விழுங்கிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் ‘போஸ்ட்மேன்’ என்னும்போது பின்பகுதியின் உயிர் மங்கிப்போகிறது. டச்சில் தீயணைப்பு வீரர் ‘ப்ரண்ட்வேர்-மன்’ என்னும்போது மன் தன் முழு உயிரோடு நிற்கும். அதற்கும் ஓர் இரண்டாம் நிலை அழுத்தம் உண்டு. முதலாவது ஓங்கி ஒலிக்க, இரண்டாவது தெளிவாக ஒலிக்க வேண்டும். ஆங்கிலம் வழியாக டச்சுக்கு வந்தவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம். தமிழ் வாய்க்கு உண்மையில் எளிது, நாம் பெரும்பாலும் உயிரை அந்த அளவுக்கு மங்கவிடுவதில்லை.

இப்போது உங்கள் பஸ் ஓட்டுநர். ‘ஸ்டட்ஹாய்ஸ்’ விதிவிலக்கு. அழுத்தம் ஹாய்ஸ் மீது. நகரத்தைக் குறிக்கும் ஸ்டட், வீட்டைக் குறிக்கும் ஹாய்ஸ் இரண்டும் சேர்ந்த சொல்லில் விதிப்படி ஸ்டட்தான் அழுந்த வேண்டும். ஆனால் அழுந்துவதில்லை. இதை அப்படியே பழகிக்கொள்வதுதான் வழி. ஆனால் எல்லா விதிவிலக்கும் இப்படி முகாந்திரம் இல்லாதது அல்ல. பெரிய கூட்டம் ஒன்றுக்குக் காரணம் தெளிவாகத் தெரியும். பெயரடை ஒன்று எகர விகுதியோடு வந்து பெயரோடு சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்ட இடங்கள் அவை. நாட்டுப்புறம் ‘ப்ளட்டெலன்ட்’, தொழில்சார் உயர்கல்விக்கூடம் ‘ஹோகெஸ்ஹோல்’, இளைஞன் ‘யொங்கெமன்’, பெருங்குடலின் தொடக்கப் பையான ‘ப்ளிண்டெடர்ம்’. இவை முன்பு இரண்டு தனிச்சொற்களாக, ஒரு தொடராக இருந்தவை. தொடரில் அழுத்தம் பெயர்மீது விழும். ஒன்றாக ஒட்டிய பிறகும் அந்தப் பழைய அழுத்தம் அப்படியே கடைசியில் தங்கிவிட்டது. பெயரடை அந்த எகரம் இல்லாமல் மொட்டையாக வந்தால் கதை வேறு. நெடுஞ்சாலை ‘ஸ்னெல்-வெஹ்’, தாத்தா ‘ஹ்ரோட்-ஃபாடர்’, பேரக்குழந்தை ‘க்ளெய்ன்-கின்ட்’ எல்லாம் ஒழுங்காக முதலில் அழுந்தும். ஆக, நடுவில் பெயரடையின் எகரம் தெரிந்தால் அழுத்தம் பின்னால் இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் சரியாக வரும்.

காய்கறிச் சந்தையில் நின்றால் இந்த விதியும் விலக்கும் ஒரே தட்டில் கிடைக்கும். ‘கோல்’ என்றால் கோசு. காலிஃபிளவர் ‘ப்ளும்-கோல்’, புளிக்கவைத்த கோசு ‘ஸூர்-கோல்’. இரண்டிலும் முதல் பகுதி அழுந்தும். சிவப்புக் கோசு ‘ரோடெகோல்’ என்பதில் எகரம் இருக்கிறது, அதனால் கோல் அழுந்தும். குளிர்காலத்தில் உருளைக்கிழங்கோடு மசித்துச் சாப்பிடும் சுருட்டை இலைக் கோசான ‘பூரன்கோல்’ என்பதில் பெயரடையே இல்லை. பூர் என்றால் உழவர். விதிப்படி பூர் அழுந்த வேண்டும், ஆனால் எல்லோரும் கோல் மீதுதான் அழுத்துகிறார்கள். நான் புதிதாக வந்தவர்களைச் சனிக்கிழமைச் சந்தைக்கே கூட்டிப்போய்விடுவேன். பத்து நிமிடம் வியாபாரி கூவுவதைக் கேட்டால், என் ஒரு மணி நேர வகுப்பைவிட அது நன்றாகப் பதியும்.

கடைசியில் அழுந்தும் இன்னும் இரண்டு கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழமையும் பொழுதும் சேர்ந்த சொற்கள்: திங்கள் காலை ‘மாண்டஹ்-மொர்கன்’ என்பதில் மொர், சனி மாலை ‘ஸாட்டர்டஹ்-ஆவொன்ட்’ என்பதில் ஆ. புத்தாண்டு ‘நியூயார்’ என்பதிலும் யார் மீதுதான். அப்புறம் ஊர்ப்பெயர்கள். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஸான்டம் என்று ‘டம்’ என முடியும் பெயர்களில் அழுத்தம் டம் மீது. டம் என்றால் அணை. ஆம்ஸ்டெல் ஆற்றின் அணை ஆம்ஸ்டர்டாம், ராட்டெ ஆற்றின் அணை ராட்டர்டாம். ஆனால் ஊர்ப்பெயர் எல்லாமே இப்படி என்று நினைக்க வேண்டாம். எய்ன்ட்ஹோவன், ஆபெல்டோர்ன் முதலில் அழுந்துகின்றன. ஊர்ப்பெயர்களை ஊர்க்காரர் வாயிலிருந்துதான் கற்க வேண்டும்.

மூட்டு எங்கே என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டச்சுக்காரர்களே ரசித்துச் சொல்லும் சில சொற்கள் உண்டு. நம் இலக்கண வகுப்பில் ‘செம்பொன்பதின்றொடி’ என்பதைச் செம்பொன்–பதின்தொடி என்றும் செம்பு–ஒன்பதின்தொடி என்றும் இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்கள், நினைவிருக்கும். அதே விளையாட்டுதான். ‘ஃபல்காய்ல்’ என்பதை ஃபல்-காய்ல் என்று வெட்டினால் பிடிகுழி, ஃபல்க்-ஆய்ல் என்று வெட்டினால் வல்லூறு-ஆந்தை. அன்றாடப் பேச்சில் பிடிகுழி மட்டுமே உண்டு, ஆனால் முதன்முறை படிக்கும் கண் ஆந்தையைப் பார்த்துவிடும். ‘டெய்க்ரம்ப்’ என்பதை டெய்க்-ரம்ப் என்று பிரித்தால் நீர்க்கரை உடைந்த பேரழிவு, டெய்-க்ரம்ப் என்று பிரித்தால் தொடைப் பிடிப்பு. ரம்ப் என்றால் பேரழிவு. 1953 பிப்ரவரி 1 அன்று தென்மேற்கு நெதர்லாந்தில் கடல்நீரைத் தடுக்கும் கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்ததை இன்றும் ‘வாட்டர்ஸ்நோட்ரம்ப்’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு டெய்க்ரம்ப் என்பதில் முதலில் தெரிவது வெள்ளம். மருத்துவம் படித்தவருக்குத் தொடை தெரியலாம். மூட்டைத் தீர்மானிப்பது எழுத்து மட்டும் அல்ல, படிப்பவரின் அனுபவமும்தான்.

இந்த இரண்டிலும் எந்தப் பக்கம் வெட்டினாலும் அழுத்தம் முதலில்தான். பிரிப்பும் அழுத்தமும் எப்படிச் சேர்ந்தே நகர்கின்றன என்று காட்டுவதற்கு எனக்குப் பிடித்த சொல் வேறு. அதே பத்து எழுத்துகள். மஸ்ஸாஷ்-பெட் என்று படித்தால் மசாஜ் செய்யும் கட்டில். பிரெஞ்சிலிருந்து வந்த மசாஜ் என்ற சொல்லில் இரண்டாவது அசை அழுந்தும், எனவே கூட்டிலும் ஸா அழுந்தும். அதே எழுத்துகளை மஸ்ஸா-கெபெட் என்று படித்தால் மக்கள் திரண்டு செய்யும் பிரார்த்தனை. மஸ்ஸா என்பது முதல் அசையில் அழுந்தும் சொல், எனவே ம அழுந்தும். நடுவில் உள்ள எழுத்துகூட முதலாவதில் ஷகரச் சாயலோடும் இரண்டாவதில் தொண்டையில் உரசும் டச்சுக் ககரமாகவும் மாறிவிடுகிறது. ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. மூட்டு மட்டும் நகர்ந்தது, அதோடு அழுத்தம், ஒலி, பொருள் மூன்றும் நகர்ந்துவிட்டன. இப்படிக் குழப்பம் வரும் இடத்தில் நடுவே சிறு கோடு போட்டு எழுத டச்சு எழுத்துமுறை அனுமதிக்கிறது.

எழுத்தில் பிரிப்பது இதைவிடச் சுலபம், விதிகள் தெளிவானவை. வரி முடிவில் வெட்ட வேண்டி வந்தால் முதலில் மூட்டில் வெட்டு, அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அசைப்படி வெட்டு. இடையில் வரும் இணைப்பு எழுத்துகள், அதாவது ஸகரமோ ‘அன்’ என்பதோ, நிலைமொழியோடு போகும். போக்குவரத்துப் பலகை வெர்கேர்ஸ்-பொர்ட், வெர்கேர்-ஸ்பொர்ட் அல்ல. விளையாட்டைக் குறிக்கும் ஸ்போர்ட் என்ற சொல் நம் காதில் முதலில் விழுந்துவிடுவதால் இங்கே நிறையப் பேர் இடறுகிறார்கள். ஓர் உயிரெழுத்தை மட்டும் தனியாக வரியில் தொங்கவிடக் கூடாது என்பதும் விதி. உயிரும் உயிரும் மோதும் இடத்தில் எழுத்தே மூட்டைக் காட்டிக்கொடுக்கும். கடலின் பன்மையான ‘ஸேயன்’ என்பதில் எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைப்பார்கள், அது கூட்டுச்சொல் அல்ல என்பதால். கடல் வாத்தான ‘ஸே-ஏன்ட்’ என்பதில் நடுவே கோடு போடுவார்கள், அது கூட்டுச்சொல் என்பதால். 1995-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அதற்கும் புள்ளிதான் வைத்தார்கள். பழைய புத்தகத்தில் அப்படிப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். அதே சீர்திருத்தத்தில்தான் அப்பம் போன்ற ‘பன்னெகூக்’ நடுவில் ஒரு னகரத்தையும் பெற்றுப் ‘பன்னன்கூக்’ ஆனது. எழுத்தில் மட்டும்தான். பேச்சில் பெரும்பாலோர் அந்த னகரத்தை இன்றும் சொல்வதில்லை. அகராதிக்கும் காதுக்கும் ஒத்துப்போகவில்லை என்றீர்களே, அதில் ஒரு பங்கு இதனால்தான்.

இணைப்பு ஸகரம் இருக்கிறதா இல்லையா என்று ஐயம் வந்தால் ஒரு சோதனை உண்டு. வருமொழியை மாற்றிப் பாருங்கள். ஊர்த் தெரு ‘டொர்ப்ஸ்ட்ராட்’ என்று கேட்கிறது. தெருவே ‘ஸ்ட்ராட்’ என்று ஸகரத்தில் தொடங்குவதால், இணைப்பு ஸகரம் ஒன்று உள்ளே இருக்கிறதா என்று காதுக்குத் தெரியாது. தெருவை எடுத்துவிட்டுச் சதுக்கத்தை வையுங்கள்: ‘டொர்ப்ஸ்-ப்ளெய்ன்’. ஸகரம் கேட்கிறது. எனவே தெருவிலும் அது உண்டு, இரண்டு ஸகரம் எழுத வேண்டும், டொர்ப்ஸ்-ஸ்ட்ராட் என்று பிரிக்க வேண்டும். சில சொற்களில் ஸகரம் வைப்பவரும் உண்டு, வைக்காதவரும் உண்டு. இரைச்சல் தொல்லை ‘கெலாய்ட்-ஹிண்டர்’ என்றும் ‘கெலாய்ட்ஸ்-ஹிண்டர்’ என்றும் எழுதப்படுகிறது, இரண்டும் சரியே. இங்கே உங்கள் நண்பர் சொல்வதும் நீங்கள் படித்ததும் வேறுபட்டால் ஒருவர் தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். டொர்ப்ஸ்-ஸ்ட்ராட் என்பதில் உள்ள இரட்டை ஸகரத்தை எழுதத்தான் வேண்டும், சொல்லும்போது ஒன்றுதான். மூட்டில் இரண்டு ஒரே மெய் சந்தித்தால் டச்சு ஒன்றை விட்டுவிடும். வெடிகுண்டு எச்சரிக்கையான ‘பொம்-மெல்டிங்’ என்பதில் நாம் ‘அம்மா’ போல மகரத்தை இரட்டிப்போம். அவர்கள் இரட்டிப்பதில்லை.

மூட்டில் வேறு மெய்கள் சந்தித்தால் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். கைக்குட்டை ‘ஸக்-டூக்’ என்பதில் டூக்கின் ஒலிப்புடைய ட, முன்னால் உள்ள க்-ஐயும் தன் பக்கம் இழுத்துவிடும். அது ‘தங்கம்’ என்பதில் உள்ள ககரம் போல ஒலிக்கும். கால்பந்தாட்டமான ‘ஃபூட்-பல்’ என்பதிலும் பகரத்தால் ட் மெலிந்து வண்டி-ட ஆகும். எதிர்த்திசையில் இழுப்பதும் உண்டு. தூசு உறிஞ்சும் கருவி ‘ஸ்டொஃப்-ஸாய்கர்’ என்பதில் ஃப் வலிமையாக இருப்பதால் பின்னால் வரும் ஒலிப்புடைய ஸகரம் வலித்து, ‘பஸ்’ என்பதில் உள்ள ஸ் ஆகிவிடும். இது நமக்குப் பழக்கமில்லாத புணர்ச்சி, ஆனால் புணர்ச்சிதான். தமிழ் படித்தவருக்கு இந்தக் கருத்து புதிதல்ல என்பது ஒரு பெரிய வசதி.

இதுவரை சொன்னதை எல்லாம் மீறும் ஒரு சொல் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. உருளைக்கிழங்கு. நிலத்தைக் குறிக்கும் ‘ஆர்ட்’, ஆப்பிளைக் குறிக்கும் ‘அப்பெல்’. விதிப்படி பார்த்தால் டன்ட்-அர்ட்ஸ் போல இங்கேயும் பட்டம்-ட் வர வேண்டும். ஆனால் வருவது வண்டி-ட: ஆர்-ட-பெல். இந்தச் சொல்லைச் சொல்லும்போது டச்சுக்காரர் மனதில் நிலமும் இல்லை, ஆப்பிளும் இல்லை, கிழங்கு மட்டும்தான். மூட்டு கரைந்து, உடல்மேல் உயிர் ஏறிவிட்டது, நம் கக்கூசில் நடந்தது போலவே. வரி முடிவில் வெட்டும்போது மட்டும் எழுத்து பழைய மூட்டை விடாமல் ஆர்ட்-அப்-பெல் என்று பிரிக்கும்.

தடுமாற்றம் உள்ள இடங்களையும் சொல்லியாக வேண்டும். மூன்று நான்கு சொற்கள் கோத்த நீளமான கூட்டுகளில் முதல் பகுதி அழுந்தும் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழையாகாது. மருத்துவச் செலவுக் காப்பீடு ‘ஸீக்டெ-கொஸ்டன்-வெர்ஸேக்கெரிங்’ என்பதில் ஸீக் மீதுதான். ஆனால் பின்னால் வரும் பகுதிகளில் எது இரண்டாவதாக ஓங்கும் என்பதில் பேசுபவருக்குப் பேசுபவர் வேறுபாடு உண்டு. அங்கே விதி சொல்லி உங்களைக் கட்டிப்போட மாட்டேன். பெயரடைக் கூட்டுகளுக்கும் இந்த விதியைக் கொண்டுபோக வேண்டாம். பனிபோல் குளிர்ந்த என்ற ‘எய்ஸ்-கௌட்’ வாக்கியத்தின் முடிவில் நின்றால் கௌட் அழுந்தும், ஒரு பெயருக்கு முன்னால் வந்தால் அழுத்தம் எய்ஸ் பக்கம் நகரும். பெயர்ச்சொல்லிலிருந்து பெயரடை பிறக்கும்போதும் அழுத்தம் இடம் மாறலாம். விபத்தைக் குறிக்கும் ‘ஒங்கெலுக்’ முதலில் அழுந்தும், துன்பமான என்ற ‘ஒங்கெலுக்கிஹ்’ என்பதில் லுக் அழுந்தும். கெட்ட விதியைக் குறிக்கும் ‘நோட்லொட்’ என்பதில் நோட், அதிலிருந்து வந்த ‘நோட்லொட்டிஹ்’ என்பதில் லொட். விகுதி தனக்கு முன்னால் உள்ள அசைக்கு அழுத்தத்தை இழுத்துக்கொள்கிறது. இது பெயர்க்கூட்டின் விதி பொய்த்தது அல்ல, வேறொரு விதி மேலே வந்து உட்கார்ந்தது.

நடைமுறையில் என் மாணவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நீளமான சொல் ஒன்று கண்ணில் பட்டால் வாயைத் திறக்காமல் பின்னாலிருந்து படியுங்கள். டச்சுக் கூட்டுப்பெயரில் கடைசிப் பகுதிதான் பொருள் என்ன என்று சொல்லும். வெர்ப்ளெய்ஃப்ஸ்-வெர்குனிங் ஓர் அனுமதி, பெலஸ்டிங்-டீன்ஸ்ட் ஒரு துறை. கடைசிச் சொல் பிடிபட்டதும் மூட்டு தானாகத் தெரியும். மூட்டுக்கு முன்னால் இருப்பதைத் தனியாக ஒருமுறை சொல்லுங்கள், அதன் இயல்பான அழுத்தத்தோடு. பிறகு வருமொழியைச் சேருங்கள், ஆனால் ஒட்டவிடாதீர்கள். மூட்டில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டால்கூடப் பரவாயில்லை. வேகமாகச் சொல்லி உருக்கிவிடுவதைவிட மெதுவாகச் சொன்னால் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். டச்சு மொழிக்கான அரசுகளின் கூட்டமைப்பான டால்யூனி இணையத்தில் வைத்திருக்கும் அதிகாரபூர்வச் சொற்பட்டியல் இலவசம். எங்கே வெட்டுவது என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். அழுத்தத்துக்கு அதை நம்ப வேண்டாம், அதற்கு வான் டாலே அகராதியோ, அதைவிடப் பக்கத்து வீட்டுக்காரரோ நல்லது.

ஒருவேளை நீங்கள் தேடிப்போனது சின்ன ஊரின் அலுவலகம் என்றால் அங்கே பலகையில் ஸ்டட்ஹாய்ஸ் என்று இருக்காது, கெமேண்டெஹாய்ஸ் என்றுதான் இருக்கும். ஸ்டட் என்பது நகரம் அல்லவா. அப்படியானால் ஓட்டுநரிடம் மேண் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நகரத்தில் இருந்தால் ஹாய்ஸ் என்பதை. இரண்டையும் ஒருநாள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.